நாட்டார் வீட்டு வேண்டுதல்

இதனால் சகலமான ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் குடியிருக்கிற குப்பத்தார், ஒலாந்துக் கோட்டையின் பீரங்கி நிழலில் பிழைக்கிற தறிக்காரர், சாயக்காரர், உப்புக்காரர், வழிப்போக்கர் அனைவரும் அறிய வேண்டியது: கோட்டைக்குப்பத்துப் பெரிய நாட்டார் கோதண்டம் அவர்கள், வருகிற புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமைக்குத் தம் பாரியாள் இருசம்மாளுடன் திருப்பதி மலையேறி, தம் சிரசின் முடியைப் பெருமாளுக்குக் காணிக்கை செலுத்தி, பதினோரு வருஷத்து வேண்டுதலை நிறைவேற்றப் போகிறார்.

முனியன் இதைத் தமுக்கடித்துச் சொல்லி முடித்தபோது, கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. அறிவிப்பு அவர்களுக்கு மனப்பாடம். வருஷா வருஷம் ஒரு சொல்தான் மாறும். போன வருஷம் 'பத்து' என்று இருந்தது.

"இந்த வருசம் இன்னா தடங்கலாம்?" என்று கேட்டான் அர்ஜுனன். குப்பத்துப் பஞ்சாயத்தில் நாட்டாருக்கு அடுத்த பாயில் உட்காருகிறவன்.

"இன்னும் வர்ல" என்றான் முனியன். "வந்துடும்."

வேண்டுதலின் வரலாறு இது. பதினோரு வருஷத்துக்கு முன்பு இருசம்மாளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. கோட்டையிலிருந்த ஒலாந்து, அதாவது டச்சு, வைத்தியர் ரத்தத்தை இறக்கச் சொன்னார். நாட்டு வைத்தியர் பட்டினி போடச் சொன்னார். பக்கத்து வீட்டுக் குப்பம்மா யாரையும் கேட்காமல் சுறாப்புட்டும் மிளகு ரசமும் கொண்டுவந்து ஊட்டினாள். ஒன்பதாம் நாள் சாயங்காலம் கோதண்டம் அம்மன் கோயில் முன்பாக வந்து நின்று, குடுமியை அவிழ்த்துவிட்டு, திருப்பதி எந்தத் திசை என்று பக்கத்திலிருந்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தத் திசையைப் பார்த்து ஊர் கேட்க வேண்டிக்கொண்டார். இவள் பிழைத்தால் இவளை அழைத்துவந்து உன் மலையில் என் முடியை இறக்குகிறேன் என்றார். மறுநாள் காலையில் இருசம்மாள் கஞ்சி கேட்டாள். சுறாப்புட்டு வரலாற்றில் இடம்பெறவில்லை.

அன்றிலிருந்து நாட்டார் வீட்டில் ஒரு வாக்கியம் குடிவந்தது.

"உன் உசுரு நான் வேண்டி வாங்கனது மே."

ஒரே மகளின் பிரசவத்துக்குப் போய் ஒரு மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று இருசம்மாள் கேட்டபோது இந்த வாக்கியம் வந்தது. நல்ல இறாலையெல்லாம் கோட்டைச் சமையல்காரனுக்கு ஒரு சிரிப்புக்காகக் கொடுத்துவிட்டு வருகிறாயே, வீட்டுக்கு எங்கே என்று கேட்டபோது வந்தது. வலையை மேட்டில் காயப்போடு, பள்ளத்தில் போட்டால் நண்டு கத்தரிக்கும் என்று சொன்னபோதுகூட வந்தது. நண்டு கத்தரித்த பிறகு இன்னொரு தடவை வந்தது. உயிரே ஒருவர் வாங்கிக் கொடுத்ததென்றால் அதற்குள் இருக்கிற நாக்கும் அதில் அடக்கம்தானே. குப்பத்தில் புருஷனோடு தெருவில் நின்று மல்லுக்கட்டாத பெண் இவள் ஒருத்திதான். மற்றப் பெண்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டு அவளிடம் அதிகம் பேசாமல் ஒதுங்கிப் போனார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, கருவாட்டைத் திருப்பிப்போடும்போது கருவாட்டோடு பேசுவதுதான் அவள் பேச்சு.

ஒவ்வொரு புரட்டாசிக்கும் ஒரு தடங்கல் வந்தது. ஒரு வருஷம் புயல். ஒரு வருஷம் பஞ்சாயத்து. ஒரு வருஷம் நாட்டாருக்குப் பாதத்தில் கெளுத்தி முள் ஏறியது. ஒரு வருஷம் காரணம் சொல்ல மறந்தே போய்விட்டார். ஊரும் கேட்க மறந்துவிட்டது. உண்மையான காரணம் எல்லாருக்கும் தெரியும். அது அவர் தலைக்கு மேலேயே இருந்தது. நாட்டாரின் முடி இடுப்புவரை வரும். ஐம்பது வயதிலும் காதோரம் மட்டும்தான் நரை. கோட்டைத் தலைவர் கப்பித்தான் ஒருநாள் தன் பொய்முடித் தொப்பியைக் கழற்றி மொட்டைத் தலையைச் சொறிந்துகொண்டே அந்தக் குடுமியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அதை ஒரு பட்டம் சூட்டு விழாவாகவே எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார் கோதண்டம். சனிக்கிழமை தோறும் அந்த முடிக்கு எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, முடிந்துவிடுவது இருசம்மாளின் வேலை. பெருமாளுக்குச் சேர வேண்டிய முடியைப் பதினோரு வருஷமாக அவள்தான் வளர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷத்துத் தடங்கல் கிளம்புகிற நாளன்று விடியும்போதே வந்து, முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது.

"கப்பல் வந்து நிக்கிது பாத்தியா" என்றார் கோதண்டம். இருசம்மாள் மஞ்சள் துணியில் அவல் முடிந்துகொண்டிருந்தாள்.

"பாத்தேன்."

"ஐப்பசி பொறக்கறதுக்குள்ள துணி மூட்ட அத்தினியும் ஏத்தி அனுப்பணும். வாடக்காத்து எடுத்துக்கிச்சுனா முகத்துவாரத்துல படகு நிக்காது. கப்பித்தான் என்னத்தான் நம்பிக்கினு கீறாரு."

"பெருமாளுந்தான் நம்பிக்கினு கீறாரு, பதினோரு வருசமா."

இது அவள் வாயிலிருந்து எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. கோதண்டம் குடுமியை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, எப்போதும் இருக்கிற இடத்திலிருந்து எடுத்துப் போடுகிறவர் போல, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"உன் உசுரு நான் வேண்டி வாங்கனது மே. அத்த மறந்துடாத."

இருசம்மாள் அவல் முடிச்சை அவிழ்த்து முறத்தில் கொட்டினாள். மீன் காயவைக்கிற ஓலைப்பாயை எடுத்துப்போய் ஏரியில் அலசினாள். சேற்றுக் கரையில் அதை விரித்துவிட்டு நின்றாள். ஏரி தகடு மாதிரி கிடந்தது. தூரத்தில் கூழைக்கடாக்கள் ஒரு கூட்டமாக மிதந்து வேறொரு ஊராருடைய விசேஷம் போல இருந்தன. வீட்டுக்குப் போக அவளுக்கு மனமில்லை. பின்கட்டுக்குப் போய் ஒரு கூடைக் கருவாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு திருப்பாலைவனத்துப் பாதையில் இறங்கினாள். அது கருவாடு விற்கப் போகிற நாளல்ல. ஆனால் குப்பத்துப் பெண் ஒருத்திக்குக் கூடை இல்லாமல் தரைப்பக்கம் போக ஒரு காரணமும் கிடையாது.

திருப்பாலைவனத்தில் பொன்னியம்மாள் என்ற குடியானவர் வீட்டுப் பெண் அவளுடைய பழைய வாடிக்கை. கருவாடு போட்டால் அதே கூடைக்கு நெல் போடுவாள். அன்றைக்கு இருசம்மாள் அவள் வாசலில் உட்கார்ந்து சென்னாக்குனி என்கிற பொடி இறால் கருவாட்டைப் புடைத்துக்கொண்டிருந்தபோது, கோயில் குளத்து மரத்தடியில் ஒரு கும்பல் நாமமும் துளசி மாலையுமாக இளைப்பாறிக்கொண்டிருந்தது. கையில் சேகண்டி வைத்திருந்த ஒருவர் மற்றவர்களை இப்படி உட்கார், அப்படி உட்கார் என்று உருட்டிக்கொண்டிருந்தார்.

"அது யாரு?" என்றாள் இருசம்மாள்.

"எங்க தருமலிங்கம். திருப்பதிக்கு ஆளுங்கள இட்டுக்கினு போறாரு. வருசா வருசம் போவாரு."

பெயர் சிவனுடையது, நாமம் பெருமாளுடையது, அதிகாரம் சொந்தமாக உண்டாக்கிக்கொண்டது. இருசம்மாள் எழுந்து போய்க் கொஞ்சம் தள்ளியே நின்று கேட்டாள்.

"சாமி, திருப்பதிக்கு எத்தினி மாசம் ஆவும்?"

"மாசமா?" என்றார் தருமலிங்கம். "நாலு நாள் நடை. காளாஸ்திரி பாத்துட்டுப் போனா அஞ்சு."

அவள் திரும்பி வந்து பொன்னியம்மாளின் வாசலில் உட்கார்ந்தாள். முறத்தை எடுத்தாள். கீழே வைத்தாள்.

"இன்னா ஆச்சு?"

"நாலு நாளாம்."

"ஆமா. அதுக்கு இன்னா?"

அதற்கு என்ன என்று பொன்னியம்மாளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பதினோரு வருஷத் தமுக்கில் திருப்பதி ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்சம் தூரம் போய்க்கொண்டிருந்தது. அது உலகத்தின் விளிம்பில் இருக்கிறது, நாட்டார் மாதிரி ஒரு ஆள் இல்லாமல் அங்கே போய்ச் சேர முடியாது என்றுதான் அவள் நம்பியிருந்தாள். நாலு நாள் என்பது, வலைக்குச் சாயம் காய்ச்சி ஊறப்போட்டுக் காயவைத்து எடுக்கிற நேரம்.

"நானும் போறேன்" என்றாள்.

"யாரு கூட?"

"யாரும் இல்ல. நானேதான்."

"ஒத்தையிலயா? வூட்ல சொல்லிட்டியா?"

"சொன்னா போவ முடியாது. தமுக்கு அடிச்சிடுவாங்க."

பொன்னியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், நெல்லுக்குப் பதில் அரிசியாகவே ஒரு முடிச்சும், கொஞ்சம் புளியும், ஒரு சின்னச் சட்டியும், ஒரு பழைய புடவையும் கொண்டுவந்தாள். "உங்காளுங்க தேடிக்கினு வந்தா இன்னா சொல்றது?"

"அடுத்த வாரம் கருவாடு கொண்டாற பொம்பள கிட்ட சொல்லி அனுப்பு, போதும்."

தருமலிங்கத்துக்கு விஷயம் போயிற்று. அவர் மூக்கைச் சுருக்கினார். "வரலாம். பெருமாள் எல்லாருக்கும் பொது. ஆனா கவுச்சி வாடை ஆவாது. இருபது தப்படி தள்ளி வா."

"சரி சாமி."

"காத்து எங்க பக்கம் அடிச்சா முப்பது."

இப்படியாக இருசம்மாள் தன் நாற்பத்து நாலாம் வயதில் முதன்முதலாகத் தனியாகப் பயணம் புறப்பட்டாள். காற்றைப் பார்த்துப் பார்த்து இருபதும் முப்பதுமாக மாற்றிக்கொண்டு நடந்தாள். காற்று அவளுக்குத் தெரிந்த விஷயம். முன்னால் போகிறவர்களின் முதுகுகளைத்தான் நாளெல்லாம் பார்க்க முடிந்தது. ஒருத்திக்கு இடது குதிகால் வெடித்திருந்தது. ஒருவர் நடக்கும்போது தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வார். இரண்டு நாளில் அந்த முதுகுகள் எல்லாம் அவளுக்குப் பழக்கமாகிவிட்டன. தருமலிங்கத்தைத் தவிர முகம் ஒன்றுகூடத் தெரியாது.

முதல் நாள் அந்தியில் கல் கூட்டிச் சோறு பொங்கிவிட்டு உட்கார்ந்தபோது ஏதோ ஒன்று குறைந்தது. காதில் தண்ணீர் புகுந்தது போலிருந்தது. குனிந்து தலையைத் தட்டிப் பார்த்தாள். வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது, அலைச்சத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று நின்றிருந்தது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இருபது தப்படி தாண்டி அவர்கள் கோவிந்தா போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் புளித்தண்ணீர் ஊற்றிய சோற்றைத் தின்றாள். மீனில்லாத சோறு தொண்டையில் இறங்கியதே தவிர வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

வழியில் ஏரி ஒன்று வந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இறங்கி ஒரு வாய் அள்ளிக் குடித்தாள். உப்பே இல்லை. அது என்ன ஏரி என்று கரையேறிவிட்டாள்.

நடக்க நடக்க ஒரு வேலை மட்டும் செய்துகொண்டிருந்தாள். ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள். ஊருக்குத் திரும்பியதும் நாட்டாருக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம். முதலில் அது நீளமாக இருந்தது. மகளின் பிரசவம், இறால், நண்டு, எல்லாம் அதில் வந்தது. நடையில் ஒவ்வொன்றாக உதிர்ந்து, மூன்றாம் நாள் கையில் இரண்டு துண்டுதான் மிஞ்சியது. 'உன் வேண்டுதல் தீந்துச்சு. என் உசுரு இனிமே என்னுது.' இதை முள்வேலிகளுக்கும் பனைமரங்களுக்கும் சொல்லிப் பார்த்தாள். பனைமரங்கள் எதிர்த்துப் பேசவில்லை.

காளாஸ்திரியில் கூட்டம் அவளைத் தருமலிங்கத்தின் கோஷ்டியிலிருந்து பிரித்துவிட்டது. பிரித்தது என்று சொல்வது மரியாதைக்கு. அவர்கள் திரும்பிப் பார்க்கவேயில்லை. சந்நிதியில் காற்று புகவே வழியில்லாத இடத்தில் ஒரு விளக்கு மட்டும் ஆடிக்கொண்டேயிருந்தது. ஈசன் விடுகிற மூச்சு அது என்று ஒரு அர்ச்சகர் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இருசம்மாள் சுடரையே பார்த்தாள். அது சாய்கிற பக்கம், நிமிர்கிற விதம், இடைவெளி, எல்லாம் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த அம்மாளிடம், "இது கொண்டல் காத்து. சாயங்காலம் மழ கீது" என்றாள். அந்த அம்மாள் பிள்ளையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். சாயங்காலம் மழை பெய்தது. அதைச் சொல்லி ஒத்துக்கொள்ளவைக்க அந்த அம்மாள் பிறகு கண்ணில் படவில்லை.

சத்திரத்தில் மணியக்காரர் ஒருவர் கையில் கோலோடு ஒவ்வொருவரையும் எந்த ஊர், எந்த ஜாதி, கூட யார் என்று விசாரித்து இடம் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"கூட யாரு?"

"யாரும் இல்ல."

"புருஷன் செத்துட்டானா?"

"உசுரோட கீறாரு."

"அப்போ தொரத்திட்டானா?"

"கப்பல்ல மூட்ட ஏத்திக்கினு கீறாரு."

கூட வந்தவன், செத்தவன், துரத்தினவன் என்ற மணியக்காரரின் மூன்று பிரிவுகளிலும் இது அடங்கவில்லை. சத்திரத்துக்கு வெளியே, மாடு கட்டுகிற தாழ்வாரத்தில் போய்ப் படுக்கச் சொன்னார். மாடுகள் அவளை ஒன்றும் கேட்கவில்லை. மீன் வாடையையும் சட்டை செய்யவில்லை.

ஆறாம் நாள் திருப்பதி. மலையடிவாரத்து மரத்தடியில் நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் மயிர் கறுப்பும் வெள்ளையுமாக, கரை ஒதுங்கிய கடற்பாசி போலக் குவிந்து கிடந்தது. ஒரு கிழ நாவிதர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் பேச்சில் பாதி தெலுங்கு. குப்பத்திலும் பாதிப் பேருக்கு நைனாதான் அப்பா என்பதால் அவளுக்குச் சிரமமில்லை.

"மொக்கு யாருதும்மா?" என்று கேட்டார் அவர். வேண்டுதல் யாருடையது என்று அர்த்தம்.

"என் புருசனுது."

"அவன் எங்கே?"

"வர்ல."

"வேண்டினது அவன். முடி உன்னுதா?"

"அவரு முடி வராது. பதினோரு வருசமா பாத்துட்டேன்."

கிழவர் கத்தியைத் தோல்வாரில் தீட்டினார். "எதுக்கு வேண்டினான்?"

"எனக்குச் சீக்கு. பொழச்சிக்கினா முடி தர்றேன்னு."

"பொழச்சிக்கினியா?"

"ஏதோ பொழச்சிக்கினேன்."

"நாப்பது வருசமா இங்கே குந்தினு இருக்கேன்" என்றார் அவர், அவள் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே. "பொண்டாட்டி வேண்டினா பொண்டாட்டி வருவா. புருசன் வேண்டினாலும் பொண்டாட்டிதான் வருவா. புள்ள வேண்டினா அம்மா வருவா. சாமி வந்து யார் தலைனு கேட்டதா நான் பாக்கல. கீழே குனி."

"செல்லுமா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும். நான் செரைக்கிறவன். குனி."

அவள் குனிந்தாள். முடி மடியில் விழுந்தது. அவள் முடியும் அப்படியொன்றும் குறைவானதல்ல என்பதை அது விழுகிறபோதுதான் பார்த்தாள். அதற்கு யாரும் எண்ணெய் தேய்த்துவிட்டதில்லை; கப்பித்தான்கள் பெருமூச்சு விட்டதில்லை. மழைக்காற்று மண்டையில் பட்டது. தலைக்கு இத்தனை குளிர் உண்டென்று அவளுக்குத் தெரியாது.

மலை ஏறினாள். ஒன்றரை நாள் வரிசையில் நின்றாள். வாசலில் பெருமாளை ஒரு கண் சிமிட்டும் நேரம் பார்த்தாள். கறுப்பாக, பெரிதாக, வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார். 'தீந்துச்சு' என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை தள்ளியது. மிச்சத்தை ஒரு தூணுக்குச் சொன்னாள்.

வெளிப்பிராகாரத்தில் எல்லாரும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பார்த்தியா, பார்த்தேன், திருமுகம் பார்த்தியா, பாதம் பார்த்தேன் என்று. இருசம்மாளும் பார்த்திருந்தாள். அவளைக் கேட்க ஆளில்லை. கொஞ்ச நேரம் ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில், தானும் அவர்களைச் சேர்ந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். அவர்கள் புளியோதரையை இலையில் பங்கு போட ஆரம்பித்ததும் எழுந்துவிட்டாள்.

மலையிறங்கியதும் நேரே அந்தக் கிழ நாவிதரிடம் போனாள். அந்த ஊரில் அவளோடு பத்து வார்த்தை பேசியவர் அவர் ஒருவர்தான்.

"பாத்துட்டேன்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தத் தலைம்மா?"

"முந்தாநாளு. புருசனோட மொக்கு."

"ஒரு நாளைக்கி அம்பது தல பாக்கறேன்" என்றார் அவர், அன்போடுதான். "செரச்சப்புறம் எல்லாம் ஒண்ணுதாம்மா. போயிட்டு வா."

திரும்புகிற வழியில் கோஷ்டி இல்லை, முதுகுகள் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. ஆறு ஒன்றில் வெள்ளம் வந்து மூன்று நாள் இக்கரையில் நிறுத்திவைத்தது. மொட்டைத் தலையைப் பார்த்த சிலர் கைம்பெண் என்று ஒதுங்கினார்கள். சிலர் பண்டாரம் என்று கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் வந்து பார்த்துக் கும்பிட்ட கையை இறக்கினார்கள். அவள் வாக்கியத்தை மட்டும் நனையாமல் கொண்டுவந்தாள். திருப்பாலைவனத்தில் பொன்னியம்மாள் வீடு பூட்டிக் கிடந்தது. எல்லாரும் நடவுக்குப் போயிருந்தார்கள். அங்கிருந்து பாதை மேடு தாண்டியதும் சேற்று வாடையும் கருவாட்டு வாடையும் முகத்தில் வந்து மோதின. அவளுக்கு முன்னால் அவள் மூக்கு குப்பத்துக்குள் போய்விட்டது.

பதினாறாம் நாள் உச்சியில், தூறலில், குப்பம்மாவின் வீட்டு முன் வந்து நின்றாள். குப்பம்மா நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிச்ச இல்லய்யா. அடுத்த வூட்டப் பாரு" என்றாள், தலை நிமிராமல்.

"அடுத்த வூடு என்னுதுதான் குப்பம்மா."

குப்பம்மா நிமிர்ந்தாள். கையிலிருந்த நண்டு நழுவி ஓடியது. எழுந்து வந்து அவள் காலைத் தொட்டுப் பார்த்தாள். கால் இருந்தது. பிறகு இரண்டு கையாலும் மொட்டைத் தலையைப் பிடித்துக்கொண்டு குலுக்கினாள்.

"பாவி, எங்கடி போன? ஏரி முழுக்க உன்ன மூணு நாளு வல போட்டு அரிச்சாங்கடி. ஒரு கட்டுமரம் பாக்கி இல்ல. கப்பலுக்குப் போவ வேண்டிய படகு அத்தினியும் உனக்குத்தான் போச்சு. கப்பித்தான் கத்திக்கினு நின்னாரு."

"நான் ஏரிக்கு எங்க போனேன்? திருப்பாலைவனத்து வழியா திருப்பதி போனேன்."

"அந்தப் பக்கம் யாருடி பாப்பாங்க? பாய் கரையில விரிச்சுக் கெடக்குது, ஆளக் காணோம். காணாப் போனவங்கள தண்ணில தேடுவாங்களா, தரையில தேடுவாங்களா?"

குப்பத்தில் இதுவரை காணாமல் போன எல்லாரும் தண்ணீரில்தான் போயிருந்தார்கள். தரை வழியாக ஒருவர் காணாமல் போகலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

"பொன்னியம்மா கிட்ட சொல்லிட்டுத்தான போனேன். கருவாடு கொண்டாறவ கிட்ட சேதி அனுப்பச் சொன்னேனே."

"கருவாடு எங்க கீது?" என்றாள் குப்பம்மா. "உன்னத் தேடற வலையில மீன் புடிப்பாங்களா? அப்புறம் மழ. யாரும் அந்தப் பக்கமே போவல. அது கெடக்கட்டும், நாட்டாரு இன்னா செஞ்சாரு தெரியுமா..."

அவள் முடிப்பதற்குள் சேதி பரவிவிட்டது. குப்பம்மா அவளை அம்மன் கோயில் முன்னால் இழுத்துப்போனாள்; அங்கே ஊர் கூடிவிட்டது. கரையிலிருந்து கோதண்டம் ஓடிவந்தார். நாட்டார் ஓடியதைக் குப்பம் அதற்கு முன் பார்த்ததில்லை. குடுமி அவிழ்ந்து முதுகில் அடித்துக்கொண்டு வந்தது. பத்தடி தள்ளி நின்றார். அவள் தலையைப் பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது. அது உண்மையான கண்ணீர்தான். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

"வந்துட்டியா" என்றார்.

இருசம்மாள் மழையிலும் வெயிலிலும் சுமந்துவந்ததை எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் கத்தாமல் சொன்னாள்.

"உன் வேண்டுதல் தீந்துச்சு. மலை ஏறி என் முடியக் குடுத்துட்டேன். என் உசுரு இனிமே என்னுது."

சொல்லி முடித்த பிறகு உள்ளே எவ்வளவோ இடம் காலியாக இருப்பது போல அவளுக்கு இருந்தது. கோதண்டம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலைமுடியைப் பிரித்து உதறி, நிதானமாக முடிந்துகொண்டார். முடிந்து முடித்ததும் அவர் மறுபடியும் நாட்டாராகியிருந்தார்.

"முனியா, சொல்லு" என்றார்.

முனியன் தமுக்கு இல்லாமலே சொன்னான். "தேடின மூணாவது நாளு, வல வெறுசா வந்தப்போ, நம்ம நாட்டாரு இடுப்பளவு தண்ணில நின்னு, ஊரு பாக்க, குடுமிய அவுத்துட்டு வேண்டிக்கினாரு. இருசம்மா உசுரோட திரும்பி வந்தா, அவளயும் இட்டுக்கினு காசிக்குப் போயி, கங்கையில முடிய எறக்குறேன்னு."

"கருமாதி பண்ணலாம்னு நாங்க சொன்னோம்" என்றான் அர்ஜுனன். "நாட்டாரு வுடல. வேண்டிக்கினு கீறேன், வந்துடுவா, எவனும் கைய வெக்காதீங்கனாரு. இதோ வந்து நிக்கிற."

இருசம்மாளுக்கு முதலில் புரியவில்லை. "நான் சாவவே இல்லியே. திருப்பதிக்கிதான போனேன்."

"சாவலனு உனக்குத் தெரியும்" என்றான் அர்ஜுனன். பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்கிற குரல் அவனுக்குத் தானாக வந்துவிட்டது. "எங்களுக்குத் தெரியுமா? நாட்டாரு வேண்டற நேரத்துல நீ செத்துதான் கெடந்த. திருப்பதி வெவகாரம் தீந்துச்சு, யாரு இல்லன்னது. இது வேற. இது காசி."

ஊர் தலையசைத்தது. நியாயம் என்றார்கள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது இருசம்மாளின் காதில் விழுந்தது. காசி வடக்கே இருக்கிறது என்பதற்கு மேல் அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. கோதண்டத்தின் குடுமி இதற்கு முன் எப்போதும் இருந்ததைவிடப் பத்திரமாக இருந்தது.

பொழுது சாயும் முன் இருசம்மாள் அடுப்பு மூட்டினாள். குப்பம்மா கொடுத்த நண்டும், அர்ஜுனன் வீட்டிலிருந்து வந்த மடவை மீனும் போட்டுக் குழம்பு வைத்தாள். பதினாறு நாள் கழித்து அவள் வைக்கிற குழம்பு. கோதண்டம் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு கவளம் வாயில் போட்டார்.

"உப்பு இல்ல" என்றார்.

இருசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு வாய் திறந்தது. வேண்டுமானால் எழுந்து போய் நீயே போட்டுக்கொள் என்று சொல்வதற்குத்தான் அவள் மலை ஏறி இறங்கி வந்திருந்தாள்.

கோதண்டம் இரண்டாவது கவளத்தைப் பிசைந்தார். "காசிக்கு வேண்டிக்கினு கீறேன் மே" என்றார்.

அவள் எழுந்து போய் உப்புப் பானையை எடுத்துவந்தாள். குழம்பில் உப்பு குறைவாகத்தான் இருந்தது.